எர்ரர் முப்பத்திரண்டு

நம்பாதவர்கள் திருச்சுழிக்கு பஸ் ஏறி வந்து ஷர்மிளா பானுவிடமே கேட்டுக்கொள்ளலாம். பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், புளியமரம் வேண்டும் என்பார்கள். இதில் இரண்டும் இல்லை. போன மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, தார் உருகும் உச்சி வெயில். நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததோடு நின்றிருந்தால் இன்றைக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

என் தையல் கடைக்கும் பக்கத்து பிளெக்ஸ் பேனர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே பேசுவது எனக்குக் கேட்கும். கேட்காவிட்டால் நானே எழுந்து போய்க் கேட்டுக்கொள்வேன். வீரசோழனில் இருந்து தினம் பஸ்ஸில் வரும் ஷர்மிளாதான் அந்தக் கடையில் எல்லாம். டிசைன் போடுவது, பிரிண்ட் எடுப்பது, முதலாளியிடம் திட்டு வாங்குவது. முந்தின வாரம் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் அடக்கம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா நீ வீட்டோட இருந்துக்கம்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

பகல் 12 மணி. சுந்தரபாண்டி பைக்கில் வந்து இறங்கினான். நரிக்குடிப் பக்கத்து ஆள், லோடு வண்டி ஓட்டுகிறவன். அவன் தாய்மாமன் வெள்ளத்துரை நாலு நாளாக மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"மாமா போயிட்டாரு. இப்பத்தான் அத்தை போன் போட்டுச்சு. பாடி வர்றதுக்குள்ள, ரோடு பிரியிற ஊர் விலக்குல பேனர் நிக்கணும் பானு. பங்காளிக அருப்புக்கோட்டைக்கு ஆர்டர் குடுக்கப் போயிட்டாகளாம். அவுகளுக்கு முந்தி நம்மது நிக்கணும்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ப் பாத்தியாப்பா?" என்றேன். அதற்குள் நான் அங்கே போய் நின்றிருந்தேன். என் வாய் சும்மா இருக்காது.

"லோடு இருந்துச்சு ராமலட்சுமிக்கா."

பார்க்கப் போகாதவன் பதினைந்தடி அகலத்துக்கு அழத் தயாராக இருந்தான். மாமா படம் மேலே, கூலிங்கிளாஸோடு. கும்பிட்டபடி இவன் படம் கீழே. அதுதான் பெரிது.

12.21. டிசைன் முடிந்தது. இனி அந்தப் பைல் பின்னறைக்குப் போக வேண்டும். பிரிண்ட் மிஷினுக்கான கம்ப்யூட்டர் அங்கே இருக்கிறது. முன்னறைக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கை அது ஒயர் வழியாகப் பார்த்து, பைலை நகல் எடுத்துக்கொள்ளும். மொத்தமே இரண்டு கம்ப்யூட்டர்.

நகல் ஏறவில்லை. ஷர்மிளா பின்னறைக் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளையைக் கையால் அடித்தாள். வெள்ளை எழுத்து வந்தது. எர்ரர் 32. முப்பது விநாடி காத்திருக்கிறேன் என்றது. மறுபடி முயன்றது. எர்ரர் 32. மறுபடி முப்பது விநாடி...

"அப்படின்னா என்னம்மா?"

"யாரோ அந்தப் பைலத் திறந்து வச்சிருக்காகன்னு அர்த்தங்க்கா. ஆனா நான் மூடிட்டேனே..."

வேறு பெயர் கொடுத்தாள். 32. பென்டிரைவில் ஏற்றினாள். 32. முன்னறைக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். 32.

சுந்தரபாண்டியின் சட்டைப்பையில் போன் மின்னியது. 12.34. 'அத்தை' என்று எழுத்து தெரிந்தது.

"எடுப்பா" என்றேன்.

"மாலை சொல்லு, மேளம் சொல்லுன்னு உசுர வாங்கும்க்கா. பேனர் முடியட்டும்." போனைக் கவிழ்த்து வைத்தான். ஊரார் போனையெல்லாம் எட்டிப் பார்க்கிறவள் நான். அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன்.

12.47. பின்னறையில் ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்... க்.

மிஷின் ஓடுகிறது என்று நினைத்தேன். மிஷின் சுவிட்சே போடவில்லை. ஏசியும் ஓடவில்லை.

ஸ்ஸ்ஸ்... க்.

எண்ணிப் பார்த்தேன். அரை நிமிடத்துக்கு ஒன்று. திரையில் 32 வரும்போதெல்லாம்... அது.

ஷர்மிளா பின்னறை ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். "இப்ப 53-ன்னு வரணும்க்கா. லைனே இல்லேல்ல."

ஸ்ஸ்ஸ்... க்.

எர்ரர் 32.

சுந்தரபாண்டி கவிழ்த்து வைத்த போன் மறுபடி அதிர்ந்தது. 1.02. யாரும் எடுக்கவில்லை.

ஒயரை மாட்டிவிட்டு முன்னறைக்கு ஓடிவந்தாள். எந்தப் பைலை யார் திறந்திருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டாம். அதைத் திறந்தாள். ஒரே வரி. பைல் பெயர். பக்கத்தில், திறந்தவர் பெயர்.

VELLATHURAI.

"இந்தப் பேர்ல இங்க ஆளே கிடையாதுக்கா..."

"பேனர்ல உள்ள பேருதானே. அதான் ஒட்டிக்கிச்சு" என்றேன், பெரிய என்ஜினியர் மாதிரி. "இத எப்படி மூடுறது?"

"இந்தப் பட்டன அமுக்கினா மூடிரும். வேணாம்க்கா. பயமா இருக்கு."

"வேலை போயிரும்டி."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

நான் அமுக்கினேன்.

1.08.

சத்தம் நின்றது.

பைல் ஏறியது. பேனர் அடித்து, பங்காளிகளுக்கு முந்தி விலக்கில் நின்றது. ஷர்மிளாவின் வேலையும் தப்பியது.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். வெள்ளத்துரையின் சம்சாரம் முத்துத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டுக்குக் கொஞ்சம் முந்தி மூச்சு நின்னுச்சுன்னு பதறி அவனுக்குப் போன் போட்டேன் தாயி. கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துருச்சு. பொழச்சுக்குவாருன்னு டாக்டரே சொன்னாரு. அதச் சொல்லத்தான் திருப்பித் திருப்பிப் போட்டேன். பாவிப்பய எடுக்கவே இல்ல."

"அப்புறம்... எப்ப?"

"ஒன்னு எட்டு. திடுக்குன்னு முழிச்சு, மூஞ்சில மாட்டியிருந்த மூச்சு மிஷினப் பிடுங்கிட்டு, 'அந்தப் பொம்பளைய அமுக்க வேணாம்னு சொல்லு'ன்னாரு. அதோட போச்சு."

பட்டனை அமுக்கிய விரல் அவள் கைப்பிடிக்குள்தான் இருந்தது.

"எந்தப் பொம்பளையச் சொன்னாகன்னே தெரியல தாயி. ஊருச்சேதி பூராம் உனக்குத் தெரியுமே... யாரா இருக்கும்?"

தெரியாது என்றேன். அந்த ஊரில் எனக்குத் தெரியாதென்று நான் சொன்னது அது ஒன்றுதான்.