குழிக்குச் சொந்தக்காரர்

“ஆனி கடைசி வெள்ளி. காலையிலிருந்து விடாத சாரல். திருமலைக் கோயிலிலிருந்து திரும்பும் வழியில், குற்றாலத்துக்குச் சற்று முன்னால் வண்டி குழியில் இறங்கியது. அவளுக்கு வலது மணிக்கட்டு.” சென்ற ஆண்டு என் நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியது இவ்வளவுதான். மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை.

பண்பொழியிலிருந்து தென்காசிக்குப் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த வளைவில் மழைத்தண்ணீர் சாலைக்குச் சமமாக நின்றதால் குழி இருப்பதே தெரியவில்லை. நான் முழங்கால் சிராய்ப்போடு எழுந்துவிட்டேன். மனைவியால் எழ முடியவில்லை. பக்கத்து ஸ்டாண்டிலிருந்த ஓர் ஆட்டோக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஓடிவந்து அவளைத் தூக்கித் தன் ஆட்டோவில் உட்கார வைத்தார். தென்காசி ஆஸ்பத்திரி வரை ஓட்டிவந்துவிட்டு, வாடகையும் வாங்காமல் போய்விட்டார்.

என் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். ஆவணி முகூர்த்தங்களுக்கு வந்திருந்த துணியையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பழையபடி கத்தரிக்கோல் பிடிக்க முடியுமா என்று கேட்டதற்கு, மாவுக்கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அவளுக்கு எப்படியாவது நஷ்டஈடு வாங்கித் தருவது என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், போலீசில் மனுக் கொடுத்து ரசீது வாங்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாகக் குழியை அளவுநாடா வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். “குழிதான் சார் உங்களுக்கு முதல் சாட்சி” என்றார்.

ஆஸ்பத்திரி அலைச்சல் முடிந்து நான் அங்கே போனபோது குழி இல்லை. எங்கோ இடித்த காம்பவுண்டுச் சுவரின் கட்டிகளையும் ஜல்லியையும் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு வேப்பங்குழையும் நட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் குழி விழுந்தால் தாங்களே மூடிவிடுவது அந்த ஸ்டாண்டில் வழக்கமாம். அந்த ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“வாங்க அண்ணாச்சி, மதினிக்குக் கை எப்படி இருக்கு? இங்கன பாருங்க, அன்னைக்குச் சாயந்தரமே மூடியாச்சு. இனி ஒருத்தரும் விழமாட்டாங்க.”

நன்றி சொல்லியிருக்க வேண்டிய இடம். நான் கேட்டது, “யாரைக் கேட்டு மூடுனீங்க?”

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஆதாரம் போயிற்றே என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் நின்ற இன்னொரு ஓட்டுநர், “ஏலே, குழிக்குச் சொந்தக்காரர் வந்துட்டாருலே! ஒனக்கு நோட்டீஸ் வரப்போவுது பாரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். குழியை மூடியவர் மட்டும் சிரிக்கவில்லை.

“தெரியாமப் போச்சே அண்ணாச்சி. வேணும்னா தோண்டித் தந்துருதேன். படம் எடுத்துக்கிட்டதும் திரும்ப மூடிருதேன்” என்று சொல்லிக் கடப்பாரை எடுக்கவே போய்விட்டார். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் எனக்கும் சரி என்றுதான் பட்டது. தோண்டிய குழியைப் படம் எடுத்தால் அது பொய் ஆதாரம் ஆகிவிடுமே என்று பிறகுதான் உறைத்தது. வேண்டாம் என்றேன். மனத்தாங்கல் எதுவும் காட்டாமல், மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து எனக்காகச் சாட்சியும் சொன்னார்.

நஷ்டஈடு கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு நான் போட்ட மனுவுக்குப் பதில் ஆவணி பிறந்த பிறகுதான் வந்தது. இடத்தைப் பார்வையிட்டதாகவும், மனுதாரர் குறிப்பிடும் பகுதியில் பள்ளம் ஏதும் காணப்படவில்லை என்றும் இருந்தது. வாசித்துக் காட்டியதும் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அவ்வளவு நல்லா மூடியிருக்கான் அந்தத் தம்பி. அவன்ட்ட போயி அப்படிக் கேட்டியளே!”

அவள் விரல்கள் இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை. ஓரம் அடிப்பதும் கொக்கி வைப்பதும் மட்டும் செய்கிறாள். துணி வெட்ட வேண்டியதையெல்லாம் அடுத்த தெருவில் தைக்கும் பெண்ணிடம் அனுப்பிவிடுகிறாள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இதை எழுத வைத்தது அந்த வருத்தம் அல்ல.

அந்த ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த வழியாகப் போனேன். பழைய இடம் அசையாமல் இருந்தது. சற்றுத் தள்ளி, அதைவிடப் பெரிதாக ஒரு புதுக்குழி. அந்த ஆட்டோக்காரர் ஸ்டாண்டில்தான் இருந்தார். வண்டியில் இருந்தபடியே, “இதை இன்னும் மூடலையா?” என்று கேட்டேன்.

“இல்ல அண்ணாச்சி. யாராவது விழுந்து கேஸுன்னு போனா ஆதாரம் வேணும்லா? நாங்க மூடிட்டோம்னா அவுகளுக்கும் ஒங்கள மாதிரி நட்டமாயிரும். அதான் இப்பம் யாரும் தொடுததில்ல.”

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை எனக்கே மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “அதெல்லாம் பார்க்காதீங்க, மூடிருங்க” என்றேன். “சரி அண்ணாச்சி” என்றார். தூறல் வலுத்ததால் நான் கிளம்பிவிட்டேன். இறங்கி அவரோடு சேர்ந்து நாலு கல்லை எடுத்துப் போட்டிருக்கலாம்.

கார்த்திகையில், அருவியில் குளிக்க வந்த ஐயப்ப பக்தர் ஒருவர் அந்தப் புதுக்குழியில் விழுந்து தலையில் அடிபட்டதாகக் கேள்விப்பட்டேன். உடனே போய்ப் பார்த்தேன். அதற்குள் சாலைக்குப் புதுத்தார் போட்டுவிட்டார்கள். ஸ்டாண்டில் ஒருவர் ஆமாம் என்றார். இன்னொருவர் அது இந்த வளைவே இல்லை, இலஞ்சிப் பக்கம் என்றார். எனக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் அன்று சவாரி போயிருந்தார். அவரிடம் கேட்கும் தைரியம் பிறகும் எனக்கு வரவில்லை.

அப்படி ஒருவர் விழுந்தாரா என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. விழவே இல்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் மனம் ஏங்குகிறது.