வெள்ளிக்கிழமை சில்லி சிக்கன்

அல்சூர் ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பப் இருக்கிறது. பப் என்றதும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் காதைப் பிளக்கும் பாட்டும் உங்கள் நினைவுக்கு வந்தால் அதற்கு அந்த இடம் பொறுப்பல்ல. ஆடாத மேஜையாகத் தேடி உட்கார வேண்டும். கேட்காமலே ஒரு கிண்ணம் காங்கிரஸ் கடலை வரும். கார மசாலாக் கடலைக்கு இந்த ஊரில் அந்தப் பெயர். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெங்களூரில் நிம்மதியாகச் சாப்பிட எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் இங்கேதான் அனுப்புவேன்.

முதல்முறை போனபோது மட்டும் அந்தக் கடலையின் ருசியே எனக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் நான் கல்யாணம் செய்துகொள்ள நினைத்த பெண்ணின் அப்பா. அவர்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். நான் திருப்பத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன், விபூதி பூசுகிற வீட்டுப் பிள்ளை. என் வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் வாங்கியிருந்தேன். இவர் மட்டும், பையனைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவரை மீறி அவள் வரமாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பாவ அங்கிள்னு கூப்பிடு. எது குடுத்தாலும் வேணாம்னு சொல்லாத, அவருக்குப் பிடிக்காது" என்று அவள் காலையிலேயே பாடம் நடத்தியிருந்தாள். நாக்கில் என்னவோ 'சார்'தான் வந்தது.

"தம்பி எல்லாம் சாப்பிடுவீங்கன்னு பொண்ணு சொன்னா" என்றார்.

"ஆமா சார்."

சொல்லிவிட்டேன். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டார்கள். பெங்களூருக்கு வந்த பிறகும் நான் அதை விட்டதில்லை. இத்தனை பழகியும் இதை அவளிடம் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வயிறு சரியில்லை என்றே காலத்தை ஓட்டியிருந்தேன்.

அவர் சில்லி சிக்கன் சொன்னார். தனக்கு லைம் சோடா சொன்னார். எனக்குப் பீர் சொல்லட்டுமா என்று கேட்டார். பப்புக்கு வரச் சொல்லிவிட்டு இவர் சோடா குடிக்கிறாரே, இது ஆழம் பார்க்கிற வேலை என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. நானும் சோடாவே சொன்னேன்.

சில்லி சிக்கன் வந்தது. குடைமிளகாயும் வெங்காயமுமாக ஆவி பறந்தது. "சாப்பிடுங்க தம்பி" என்றார். "நீங்க மொதல்ல எடுங்க சார்" என்றேன். "அட, நீங்க எடுங்க." பிறகு என் சம்பளம், வாடகை, தண்ணீர் லாரி, மெட்ரோ எல்லாம் பேசினோம். கடலைக் கிண்ணம் காலியானது. சிக்கன் ஆறிப்போய் எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கியது.

பரிமாறுகிறவர் வந்து தட்டைப் பார்த்தார். "யாக்கே சார், ஏன் தொடவே இல்ல? காரம் ஜாஸ்தியா?"

அவள் அப்பா என்னைப் பார்த்தார். வசமாக மாட்டிக்கொண்டேன். ஒரு துண்டை வாயில் போட்டிருந்தால் அன்றைய பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் கை போகவில்லை. எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

"மன்னிச்சுக்குங்க சார். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் கறி சாப்பிட மாட்டேன்."

"நீங்களுமா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இது தவக்காலம் தம்பி. ஈஸ்டர் வரைக்கும் வெள்ளிக்கிழமைல நாங்க கறி தொட மாட்டோம். நான் பீரையும் விட்டுட்டேன். சிக்கன உங்களுக்காகத்தான் சொன்னேன்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"நீங்க ஏன் சொல்லல?"

இருவரும் தட்டைப் பார்த்தோம். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மேஜை ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். பரிமாறுகிறவர் ஒன்றும் புரியாமல் நின்றார். அவரிடம் கோபி மஞ்சூரியனும் தயிர் சாதமும் கொண்டுவரச் சொன்னோம். பப்பில் உட்கார்ந்து ஊறுகாய் தொட்டுக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்ட அந்த ருசி வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

"சிக்கனைப் பார்சல் கட்டச் சொல்றேன். நாளைக்குச் சாப்பிடுங்க" என்றார்.

"நாளைக்குச் சனிக்கிழமை சார். அதுவும் ஆகாது."

இந்தமுறை 'வேண்டாம்' சுலபமாக வந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, பார்சலைத் தன் பக்கம் இழுத்து வைத்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க. புதுசாவே செஞ்சுடலாம்" என்றார். எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தனியா வராதீங்க. அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு விரதம் கிரதம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மாமா" என்றேன்.