செல்விக்கு நான் சொன்ன பதில்

செல்வியின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். அவள் செய்த பிழை அல்ல... அந்தப் பிழையைக் கண்டும் நான் சொன்ன பொய்.

உடும்பஞ்சோலையில், வியாபாரிகள் கைபேசியிலிருந்தே ஏலக்காய்க்கு விலை கேட்கும் இணைய ஏல நிறுவனம் எங்களுடையது. அதன் தரவுத்தளம் எட்டாண்டுகளாக என் பொறுப்பு. நான் பாலக்காட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து மலையேறி வந்தவள். செல்வி சூரியநெல்லியில் தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் மகள். சேர்ந்து நான்கே மாதம்.

நான் இரண்டு ஆண்டுகள் போராடியும் இழுத்துக்கொண்டே திறந்த விலைப்பட்டியலை, அவள் ஒரே மதியத்தில் நொடியில் திறக்க வைத்தாள். மேலாளர் எல்லோர் முன்பும் பாராட்டினார். நானும் கைதட்டினேன். உள்ளே எரிந்தது... அதற்கு வேறு பெயர் தேடினேன். பொறாமைதான்.

பட்டியலை வரிசைப்படுத்த, உள்ளே நுழையும் ஒவ்வொருவரின் இணைப்பும் எடுத்துக்கொள்ளும் நினைவகத்தை அவள் பல மடங்கு உயர்த்தியிருந்தாள். பத்துப் பேரை வைத்துச் சோதித்தாள், பறந்தது. ஆனால் ஏல நாளில் நானூறு பேர் ஒன்றாக நுழைவார்கள். அத்தனை பேருக்கும் அந்த அளவு என்றால், சர்வரில் இருக்கும் நினைவகம் பாதிப் பேருக்குக்கூடக் காணாது. தீர்ந்துபோனால் தரவுத்தளமே நின்றுவிடும். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது.

அவள் கேட்கவும் கேட்டாள்.

“அக்கா, ஏலத்தன்னிக்குக் கூட்டம் வந்தா தாங்குமா? ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கக்கா.”

“அதெல்லாம் தாங்கும் கண்ணு. அப்படியே உடு.”

ஒரு நாள் தடுமாறட்டும் என்றுதான் நினைத்தேன்... நம்புகிறீர்களா? நானே நம்பவில்லை.

ஏலத்தின் நடுவே எல்லாம் நின்றது. மீண்டும் எழுப்பினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்ப நுழைய, மறுபடி விழுந்தது. அன்றைய ஏலம் ரத்தானது. காய் கொண்டுவந்த விவசாயிகள் மழையில் திரும்பிப் போனார்கள்.

யாரைக் கேட்டு மாற்றினாய் என்றார் மேலாளர். செல்வி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

“நானாத்தான் மாத்துனேன் சார்” என்றாள் செல்வி.

அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். பழைய அளவைத் திரும்ப வைத்த எனக்குப் பாராட்டு.

சென்ற வாரம் அழைத்தாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

“அன்னிக்கு நீங்களும் தெரியாமத்தானக்கா சொன்னீங்க. உங்கள எதுக்கு மாட்டிவிடணும்னுதான் பேசாம இருந்தேன்.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்... என்ன பதவி என்றுதான் கேட்டேன். என்னுடையதைவிட மேலானது. வாய் வாழ்த்தியது. மனம் அப்போதும் வாழ்த்தவில்லை.