ஆறு மணிக்கு நான் திருகிய குமிழ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், தாளை ஜெபப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு எழுந்துவிடுவேன். நான் எட்டாவதோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து வேலைக்குப் போனவன், எழுத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் தயங்கியது அதனால் இல்லை. இதில் தப்பு என்மேல் இருக்கிறது. இப்போது என் மேசைமேல் ஒரு பழைய கேசட் கிடக்கிறது. அதன்மேல் என் சகலையின் கையெழுத்தில், நீல மையில், "மகளுக்கு" என்று எழுதியிருக்கிறது. போன மாதம் அந்த மகளே அதை என் கையில் கொடுத்தாள். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா புருஷன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பிரஸ் ஷாப் இரைச்சலில் இருபது வருடம் கத்திப் பேசியதாலோ என்னவோ, மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்க நின்றால் அவருக்கு மைக் தேவைப்படாது. கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். அவருக்கு வானொலி என்றால் உயிர். தொழிலாளர் நிகழ்ச்சிக்கு வாரம் தவறாமல் ஒரு கார்டு போடுவார். "இன்னா சகல, கார்டு எழுதியே கை தேஞ்சிடும் போல கீதே" என்று நான் சீண்டினால், "நீ லேத்துல தேயற, நான் கார்டுல தேயறேன், உடு" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வானொலி நிலையத்திலிருந்தே அழைப்பு வந்தது. ஷிப்டு வேலையும் குடும்பமும் என்று ஐந்து நிமிடப் பேச்சு. இஸ்திரி போட்ட சட்டையோடு போய்ப் பேசிப் பதிவு செய்துவிட்டு வந்தார். அன்றைக்கே தொண்டை கொஞ்சம் கம்மியிருந்ததாம். அந்தக் கம்மல் அப்புறம் போகவே இல்லை. இரண்டு மாதத்தில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. பேசுவதற்கு ஒரு சிலேட்டும் பல்பமும். அவசரத்துக்கு, விரலில் இருந்த கல்யாண மோதிரத்தால் நாற்காலியின் இரும்புக் கையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் வேண்டாம், நிறுத்து. ஜெபம் முடியும்போது மூன்று தட்டுவார். அதுதான் அவருடைய ஆமென்.

அந்த நிலைமையில்தான் நிலையத்திலிருந்து கார்டு வந்தது. வருகிற வியாழக்கிழமை மாலை ஆறு ஐந்துக்கு உங்கள் பேச்சு ஒலிபரப்பாகும் என்று. கார்டை மாதா படத்தின் காலடியில் வைத்துவிட்டு, சிலேட்டில் எனக்கு எழுதிக் காட்டினார்: "டேப் புடிக்கணும். கொரல் அவளாண்ட இருக்கட்டும்." அவள் என்றது மூத்த மகளை. கன்னியர் மடத்தில் சேர்ந்து வடக்கே எங்கேயோ பயிற்சியில் இருந்தாள். மூன்று வருடமாக வீட்டுக்கு வரவில்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனதைக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டாள்.

நான் லீவு போட்டேன். எஸ்டேட்டில் ஒரு நண்பரிடம் டேப் ரிக்கார்டரை வாங்கிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே ஆவடி போய்விட்டேன். அண்ணி, அதாவது சகலையின் மனைவி, வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பால்காரன் வர்றதுக்கு முன்னாடியே ரேடியோவாண்ட குந்திகினாரு. சாயங்காலந்தான்யா வருதுன்னா கேக்கறாரா பாரு." சகலை சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்: "கூட்டத்துல நாம பேசணும்னா மத்தவங்க பேசறதையும் கேக்கணும்."

அதனால் அன்றைக்கு முழுக்கக் கேட்டோம். மூன்று மதத்துப் பக்திப் பாட்டுக்கும் கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தார். டில்லிச் செய்தி போனது. சமஸ்கிருதச் செய்தி வந்தபோது, எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பில் சத்தம் மட்டும் இல்லை. நெற்பயிருக்கு மருந்தடிப்பதைப் பற்றி யாரோ விளக்கியபோது, "ரோசாத் தொட்டி வெக்கவே எடமில்ல, இதுல நெல்லுக்கு மருந்தா" என்றார் அண்ணி. மகளிர் நிகழ்ச்சியில் ஒரு அம்மா புடலங்காய்க் கூட்டு சொன்னார். சகலை "குறிச்சிக்கோ" என்று எழுதி அடுப்படிப் பக்கம் நீட்டினார். "இருவத்தஞ்சி வருசமா துன்னவருக்கு இப்பதான் கொற தெரியுதா" என்று உள்ளிருந்து பதில் வந்தது. மதியம் நிலையம் ஓய்ந்த நேரத்தில் கஞ்சி குடித்தார். பிறகு நாடகம், செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம், வானிலை. மணி ஐந்தே முக்கால் ஆனதும் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் மணி அடித்தால் வானொலியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு எல்லாரும் எழுந்து நின்று மூவேளை ஜெபம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அவர்தான் சொல்லுவார். ஆபரேஷனுக்குப் பிறகு, நான் போகிற நாளில் அது என் வேலை. ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே டேப் ரிக்கார்டரை வானொலி முன்னால் வைத்து இரண்டு பொத்தான்களையும் அழுத்திவிட்டேன், மறந்துவிடக் கூடாதே என்று. மணி அடித்தது. என் கை பழக்கத்தில் குமிழைத் திருகியது. ஜெபத்துக்கு மூன்று நிமிடம் போதும். நேரம் இருந்தது.

ஜெபம் முடிந்ததும் சகலைக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். "ஆண்டவரே, இந்தத் தொண்டையை நீர் அறிவீர்" என்றதும் அண்ணி விசும்பினார். எனக்குள்ளே வார்த்தை ஊற்றெடுத்தது. கோயிலில் என்னை ஒருநாளும் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டதில்லை. என் பேச்சைக் கேட்டு யாரும் அழுததுமில்லை. நடுவில் ஒரு கண்ணைத் திறந்தேன். சகலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மெல்ல எழும்பி, வானொலியை நோக்கி நெஞ்சளவு வந்திருந்தது. எனக்குப் புரிந்தது. புரிந்தும், இன்னும் ஒரே ஒரு வார்த்தை என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தையோடு நிற்கவில்லை. மறுபடி திறந்தபோது அந்தக் கை கூப்பியிருந்தது.

ஆமென் என்றேன். மூன்று தட்டு கேட்டது. ஓடிப்போய்க் குமிழைத் திருகினேன். அறிவிப்பாளர் சகலையின் பெயரைச் சொல்லி, "பேசக் கேட்டீர்கள்" என்றார்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாமிகிட்ட சொல்றத சுருக்கமா சொல்லக் கூடாதாப்பா" என்றார், அவ்வளவுதான். சகலையின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "சகல, என்னோடத விட உன் பேச்சு நீளம்." பிறகு கேசட்டை எடுத்து அதன்மேல் "மகளுக்கு" என்று எழுதி, தபாலில் போடச் சொன்னார். நிலையத்துக்கு எழுதிக் கேட்டோம். அந்த நாடாவில் வேறு நிகழ்ச்சி பதிந்தாகிவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அடுத்த தவக்காலத்தில் சகலை ஆண்டவரில் இளைப்பாறிவிட்டார். அடக்கத்தன்று யாரோ சொன்னார்கள், மணி அடித்ததும் அவரே வானொலியை அணைத்துத் தன் குரலை ஆண்டவருக்குக் காணிக்கை ஆக்கினார் என்று. அது தியானக் கூட்டங்களிலெல்லாம் சொல்லப்பட்டது. நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் காட்டுப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்த சகலையின் மகளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. "சித்தப்பா, இதுல அப்பா கீறாரு" என்று கேசட்டைக் கொடுத்தாள். "என் பொலம்பல்தானேம்மா கீது" என்றேன். "கடைசில மூணு தட்டு கேக்குதே. ரெண்டு தட்டு எங்கனா இருக்குதான்னும் தேடிப் பாத்தேன். இல்ல." அப்போதுதான் அந்தக் கை எழும்பியதை அவளிடம் சொன்னேன். "வேற யாராண்டயாவது சொன்னீங்களா?" "இல்லம்மா." "சொல்லிடுங்க" என்றாள்.

நேற்று சாயங்காலம் ஜெபம் முடித்துவிட்டுக் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். ஆவடி வீட்டு மின்விசிறியின் சத்தம், அண்ணியின் விசும்பல், என் இளவயதுக் குரல். ஓரிடத்தில் அந்தக் குரல் ஒரு நொடி தடுக்கி நிற்கிறது. நான் கண்ணைத் திறந்த இடம் அது. இரண்டு முறை தட்டியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அவர் தட்டவில்லை. நான் மேலே போகிறேன், போய்க்கொண்டே இருக்கிறேன். கடைசியில் மூன்று தட்டு.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அழகுபடுத்தாமல், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். குமிழைத் திருகியது என் கை. அவர் கை எழும்பியதையும், அதைப் பார்த்துவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.