மாமி வந்து நின்ற மூன்று மாதம்

நான் ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்குக் கடன்காரியானது என் மாமியார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நின்றதால்தான். எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில், கிளேட்டனில் இரண்டு அறை பிளாட் ஒன்றில் நானும் நாலு வயது மகளும் இருந்தோம். அவர், அதாவது என் கணவர், ஒரு வருடத்துக்கு முன்பே வேறு இடத்தில் அறை எடுத்துப் போய்விட்டார்.

ஏன் பிரிந்தோம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல கதை எதுவும் இல்லை. அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு பெண்ணும் இல்லை. பேச்சுத்தான் இல்லை. வேலையால் வருவார், சாப்பிடுவார், பேப்பர் பார்ப்பார், படுப்பார். கறிக்கு உப்புக் கூடினாலும் சொல்லமாட்டார், குறைந்தாலும் சொல்லமாட்டார். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். சுவரோடு எவ்வளவு காலம்தான் சண்டை பிடிப்பது? ஒருநாள் போங்கள் என்றேன். அதற்கும் ஒன்றும் சொல்லாமல் போனார்.

கணவன் இல்லாமல் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கத் தொடங்கிய காலம் அது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டாள். மகளுக்கென்று அவர் தந்ததையும் ஒளிக்காமல் சொல்லித்தான் வாங்கினேன். வாங்க வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கம் முதல் காசோலை வரும்வரைக்கும்தான்.

அப்போதுதான் அவரிடமிருந்து ஒரு போன்.

"அம்மா வாறா. மூண்டு மாசம் நிப்பா. அவவுக்கு ஒண்டும் தெரியாது."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. மாமியாரின் வீடும் என் அம்மாவின் வீடும் ஒரே ஒழுங்கையில். ஒருவருக்குத் தெரிந்தால் மற்றவருக்கு அன்றைக்கே தெரியும், பின்னேரத்துக்குள் கோயில் வீதி முழுக்கத் தெரியும். எங்கள் ஆட்களில் பிரிந்து இருந்தவர்கள் அப்போது இல்லாமல் இல்லை. ஊருக்குச் சொன்னவர்கள்தான் இல்லை.

"பெட்டியோட வாங்கோ" என்றேன்.

வந்தார். கழற்றி வைத்திருந்த தாலிக்கொடியை எடுத்து நான் போட்டுக்கொண்டேன். கல்யாணப் படத்தை ஹோலில் மாட்டினோம். ஒரு அறையில் மாமியும் மகளும். மற்ற அறையில் நாங்கள் இரண்டு பேரும். நான் கட்டிலில், அவர் நிலத்தில் மெத்தை விரித்து. காலையில் மாமி எழும்புமுன் மெத்தையைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார்.

மாமி நல்ல மனுஷி. அவரில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சமைக்கும்போது குசினியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மகன் சின்ன வயதில் மரத்தால் விழுந்த கதையைச் சொல்லுவார். நானும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பேன். என் கணவருடைய நடிப்புத்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது. சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் திருத்தினார். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தார். ஒருநாள் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "புளி அளவா இருக்கு" என்றார். நான் மாமியைப் பார்த்தேன். மாமிக்காகத்தான் சொல்கிறார், பரவாயில்லை, மனுஷன் நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கடைக்குப் போயிருந்த ஒரு நாளில்தான் உதவிப்பணம் கொடுக்கும் அலுவலகத்தில் இருந்து ஒருவர் வந்திருக்கிறார். தனியாக இருக்கிறோம் என்று பணம் வாங்குகிறவர்களின் வீடுகளுக்கு அவர்கள் இப்படிச் சொல்லாமல் வருவதுண்டு. மாமி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இங்கிலீஷ் பேச ஆள் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். வந்தவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பயத்தம்பணியாரம் கொடுத்து, கல்யாணப் படத்தைக் காட்டி, மகனையும் மருமகளையும் போல ஒற்றுமையான சோடி எங்கள் ஊரிலேயே இல்லை என்று விளங்கப்படுத்தியிருக்கிறார். பின்னால் கொடியில் என் கணவருடைய சேட்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

நான் வந்ததும், "நல்ல பெடியன், பிள்ளை. எல்லாம் வடிவா எழுதிக்கொண்டு போறான்" என்றார் மாமி.

மாமியிடம் என்னவென்று சொல்வது? நல்லது மாமி என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரித்தேன்.

மாமி ஊருக்குப் போன நாள் காலையிலேயே அவர் தாயை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வருவதற்குள் அவருடைய பெட்டியை அடுக்கி வாசலில் வைத்தேன். ஒப்பந்தம் முடிந்தது என்பதுதான் என் எண்ணம். வந்தார், பெட்டியைப் பார்த்தார், மகளின் தலையைத் தடவினார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அந்த மூன்று மாதமும் புருஷனோடு வாழ்ந்திருக்கிறாய், அந்தக் காலத்துப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தாய்க்குத் தெரியாமல் இருக்க வந்து நின்றார், நிலத்தில் படுத்தார் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்லவர்தான். ஆனால் பெரிய ஆம்பிளை ஒருவர் தாயை ஏமாற்ற மூன்று மாதம் நிலத்தில் படுப்பார் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. கணவர் நேரில் வந்து அப்படியே சொன்னால் பார்க்கலாம் என்றார்.

அந்தப் பணம் எங்கள் வாடகை. அதில் பிடித்தார்கள் என்றால் மகளையும் கொண்டு எங்கே போவது என்று பயந்தேன். அவருக்குப் போன் பண்ணினேன். நிலத்தில் படுத்தேன் என்று ஒரு வசனம் சொன்னால் போதும் என்றேன்.

"ஓம், வாறன்" என்றார்.

வந்தார். டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். அதிகாரி கேட்டார், அந்த மூன்று மாதமும் நீங்கள் இவருடைய வீட்டில்தான் இருந்தீர்களா? ஆம் என்றார். விருந்தாளியாகவா, கணவன் மனைவியாகவா? அவர் தன் டையை நேராக்கினார். பிறகு, கணவன் மனைவியாக என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மேசையையே புரட்டியிருப்பேன். கெட்டித்தனமாக வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் தரிப்பில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? நிலத்தில தானே படுத்தனீங்கள்?"

"ஓம். நிலத்தில தான்."

"வெள்ளைக்காரனுக்கு முன்னால அதைச் சொல்ல வெக்கமோ? உங்கட வெக்கத்துக்கு நான் காசு கட்டுறதோ?"

"வெக்கமில்லை." ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு அது நடிப்பா இருக்கேல்லை."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மீனும் குழாயும் புளியும் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தன. அதனால் கோபம் குறையவில்லை, கூடியது.

"அதை எனக்கெல்லோ சொல்லியிருக்கவேணும். அந்த மனுஷனுக்கோ சொல்லுறது?"

"அம்மா நிக்கேக்க எப்பிடிக் கேக்கிறது? அவவுக்கு நான் எங்கயும் போகேல்லை. போகாத ஆள் திரும்பி வரட்டோ எண்டு கேக்கலாமோ?"

"அவ போன பிறகு கேட்டிருக்கலாம்."

"எயார்போட்டால வரேக்க அதைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான். என்னெண்டு கேக்கிறது எண்டு. வந்து பாத்தா பெட்டி வாசல்ல நிண்டது."

எங்கள் கல்யாணத்தில் அவர் என்னோடு பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். பாதிக் காசைத் தான் தருவதாகச் சொன்னார். வேண்டாம், என் பெயரில் வந்த கடன், நானே கட்டுகிறேன் என்றேன். பஸ் வந்தது. நான் ஏறினேன், அவர் ஏறவில்லை.

வருகிற ஒவ்வொரு காசோலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அது நடந்தது. வாடகைக்காக வீடுகள் துப்புரவாக்கப் போனேன், வீதிக்கு வரவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. மாமி சாகும்வரை எங்கள் இருவர் பெயரையும் ஒரே உறையில் எழுதித்தான் கடிதம் போட்டார்.

அன்று பஸ் தரிப்பில் அவரிடம் ஒன்று சொல்ல வாய்வரை வந்தது. அந்தப் பெட்டியை நான் காலையில் இருந்து அடுக்கினேன். கோபத்தில் அனுப்புகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று, சேட்டுகள் எல்லாவற்றையும் அயன் பண்ணி, கொலர் மடங்காமல், ஒவ்வொன்றாக வைத்தேன். தன் அறைக்குப் போய்த் திறந்தால் என் மனம் தெரியும், திரும்பி வருவார் என்று ஜன்னலடியில் நின்றும் பார்த்தேன். ஆனால் வாய் நீளம் என்று பெயரெடுத்த நான் அதைச் சொல்லவில்லை.