இரண்டு மணி போட்

இது நடந்தது. லூர்துராஜ் தானாக வந்து யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் சொல்வார். ஐந்து பேர் கேட்டால் ஐந்து பேரிடமும் அதே நேரம், அதே வார்த்தை. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். பஸ் நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். கதை கட்டுகிறவன் அப்படிச் சொல்லமாட்டான்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையை ஒட்டி அவர் வீடு. சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஆனந்தமேரி, களமருதூரில் பிறந்தவள். ஒரே மகள் ஜெனிபர் கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள்.

ஆனந்தமேரிக்கு ஊர் பார்ப்பது என்றால் அப்படி ஓர் ஆசை. வருடத்துக்கு ஒருமுறை கணவரை இழுத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் கல்வராயன் மலை ஏறுவாள். முன் சீட் கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். அவர் ஓய்வு பெற்றதும், அந்தமான் போகலாம் என்று ஆரம்பித்தாள். நான்கு மாதம் அதே வேலையாக இருந்தாள்.

விமான டிக்கெட்டை மட்டும் ஜெனிபர் எடுத்தாள். மற்றதெல்லாம் ஆனந்தமேரியே ஃபோனில் பேசி முடித்தாள். ஏழு லாட்ஜை வேண்டாம் என்றாள். "கடல் சத்தம் கேக்கணும். ஆனா கடல் கட்டிலாண்ட வந்துடக் கூடாது" என்பது அவள் கணக்கு. கடைசியில் நீல் தீவில் ஆறு ரூம் மட்டுமே உள்ள ஒரு சின்ன லாட்ஜ் பிடித்துப் போயிற்று. நடத்துகிறவர் தனசேகரன் என்ற தமிழர். அங்கேயே வீரமணி என்பவரின் காரை இரண்டு நாளுக்கு வாடகைக்குப் பேசினாள்.

"வேகமா போவாத தம்பி. முன் சீட்டு எனக்கு. அவரு பின்னால தூங்கிக்கினு வரட்டும்."

எந்தெந்த ரோட்டில் போக வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்தாள். முதல் நாள் போர்ட் பிளேரிலிருந்து சிடியா டாப்பு வரை காட்டு ரோடு. அப்புறம் போட்டில் நீல் தீவு. அங்கே போட் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து சீதாப்பூர் கடற்கரை வரை.

"ஒரு பக்கம் நெல்லு, ஒரு பக்கம் கடலாம். அந்த மாதிரி ரோடு நம்ம பக்கம் எங்க கீது, சொல்லுங்க" என்று அவரிடம் கேட்டாள்.

2025 ஜனவரி 21 செவ்வாய் விமானம். 22 புதன் நீல் தீவு. அங்கே இரண்டு ராத்திரி. 24 வெள்ளி திரும்புவது. இதுதான் ஏற்பாடு.

ஜனவரி 9, காலை ஏழரை மணிக்கு, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆனந்தமேரி அப்படியே சரிந்தாள். பதினொன்று ஐம்பதுக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார். மறுநாள் மாலை அடக்கம்.

லூர்துராஜ் அழவில்லை. அழக்கூடாது என்று இருக்கவில்லை. வரவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். யாராவது கைபிடித்து உட்கார வைத்தால் உட்கார்ந்தார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது என்று சொல்வார்.

ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை ஜெனிபர் சென்னைக்குக் கிளம்பினாள்.

"ஃபிளைட்ட கேன்சல் பண்ணிட்டேம்பா. லாட்ஜுக்கும் கார்க்காரருக்கும் நீங்க ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க. நம்பர் அம்மா ஃபோன்ல இருக்கு."

"சரிம்மா" என்றார். திங்கள் போனது. செவ்வாய் போனது. அவர் ஃபோனைத் தொடவில்லை.

புதன், மதியம் மூன்று பத்து. ஆனந்தமேரியின் ஃபோனிலிருந்து தனசேகரனைக் கூப்பிட்டார்.

"வணக்கம் சார், போட் ஏறிட்டீங்களா?"

"இல்லீங்க. நாங்க வரல. ரூம் வேணாம். அத சொல்லத்தான்…"

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க. அம்மா வந்துட்டாங்களே."

"எந்த அம்மா?"

"ஆனந்தமேரி அம்மா. பன்னெண்டு நாப்பதுக்கு வந்தாங்க. ஃபோன வூட்டுல விட்டுட்டு வந்துட்டேன், அவரு அதுல இருந்துதான் கூப்பிடுவாருன்னு சொன்னாங்க. அதே மாதிரி கூப்பிட்டுட்டீங்க."

லூர்துராஜுக்கு நெஞ்சு அடிக்கவில்லை. வேறு யாரோ என்று நினைத்தார். ஆள் எப்படி என்று கேட்டார்.

"குள்ளமா, மாநிறமா… சந்தனக் கலர்ப் பட்டுப்புடவை. செருப்பு போடாம வந்தாங்க. மணல் சுடலையாம்மான்னு கேட்டேன். சுடலன்னாங்க. இடது கையில ஊசி போட்ட இடத்துல பிளாஸ்திரி இருந்துச்சு. உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். இப்ப ஒண்ணும் இல்லன்னாங்க."

லூர்துராஜ் ஃபோனை வைத்தார்.

சந்தனக் கலர்ப் பட்டுப்புடவையை அடக்கத்துக்கு எடுத்துக் கொடுத்தது ஜெனிபர். அதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பிளாஸ்திரி புடவைத் தலைப்புக்குள் மறைந்திருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் கையைச் சரியாக எடுத்து வைத்தவர் லூர்துராஜ். அவர் மட்டும்தான் அதைப் பார்த்தார். எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். எடுக்கவில்லை.

மாலை ஐந்து நாற்பது. மறுபடியும் கூப்பிட்டார். இங்கே வாசலில் இன்னும் வெயில் இருந்தது. ஃபோனில் அந்தப் பக்கம் பூச்சிகள் கத்தின. ர்ர்ர்… ர்ர்ர்… என்று, நடுச்சாமம் போல.

"இங்க அஞ்சேகாலுக்கே இருட்டிடும் சார்" என்றார் தனசேகரன்.

"அவங்க கிட்ட ஃபோன குடுங்க."

நடக்கும் சத்தம். சருகு மிதிபடும் சத்தம். பிறகு கதவு.

டக்… டக்… டக்…

தனசேகரன் ஏதோ கேட்டார். உள்ளேயிருந்து பதில் வந்திருக்க வேண்டும். லூர்துராஜுக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பூச்சிச் சத்தமும் நின்றிருந்தது.

"கதவத் திறக்கல சார். உள்ளே கதவை ஒட்டி நின்னு பேசுறாங்க. விளக்கும் போடல. உங்கள நாளைக்கு ரெண்டு மணி போட்ல வரச் சொன்னாங்க."

அன்று ராத்திரி லூர்துராஜ் நன்றாகத் தூங்கினார். அதுதான் தனக்கே விளங்கவில்லை என்பார். அவள் போன பிறகு விடிய விடியத் தூங்கிய ஒரே ராத்திரி அதுதான்.

வியாழன் காலை ஏழு மணிக்குக் கல்லறைக்குப் போனார். மண்மேடு அப்படியே இருந்தது. மாலை காய்ந்து நார் தெரிந்தது. மரச் சிலுவையில் அவள் பெயர் எழுதிய பெயிண்ட் கொஞ்சம் வழிந்திருந்தது. சுற்றி வந்து பார்த்தார். மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. பத்து நிமிடம் நின்றார். ஜெபம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்தார்.

ஒன்பது பதினைந்து. ஆனந்தமேரியின் ஃபோன் அடித்தது. கார்க்கார வீரமணி.

"சார், சீதாப்பூர் ரோட்ல போய்க்கிட்டிருக்கோம். அம்மா முன் சீட்ல இருக்காங்க. இருபதுக்கு மேல போவாதன்னு சொல்லிட்டாங்க."

பின்னால் கார் ஓடும் சத்தம் கேட்டது. காற்றும் கேட்டது. யாரோ மெதுவாக ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்கள்.

"ஏ.சி. போடல சார். ஆனாலும் வண்டிக்குள்ள ஒரே சில்லுன்னு இருக்கு" என்றார் வீரமணி. குரல் தாழ்ந்திருந்தது. "அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. கேஸ மூடிட்டு, வூட்ட நல்லா பூட்டிக்கினு வரணுமாம்."

லூர்துராஜ் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

ஸ்ஸ்ஸ்…

பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. மூக்குக்கு அதுவரை எந்த வாடையும் தெரியவில்லை.

போய் மூடினார்.

பிறகு நடந்ததை அவர் சொல்லும்போதுதான் கேட்பவர்கள் நாற்காலியில் நகர்ந்து உட்காருவார்கள். சொல்கிறவர் நகரமாட்டார்.

குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டார். ஆனந்தமேரியின் ஃபோனைப் பையில் வைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார். மெயின் சுவிட்சை அணைத்தார். வீட்டைப் பூட்டினார். எங்கே போகிறோம் என்று தோன்றவே இல்லை. நேரமாகிவிட்டது என்று மட்டும் தோன்றியது.

மணி ஒன்று நாற்பது.

பஸ் நிறுத்தத்தில் நின்றார். பஸ்கள் வந்தன. போயின. ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டரிடம் ஏதோ கேட்டாராம். அவருக்கு அது நினைவில்லை. அங்கே ஆட்டோ போட்டிருந்த மாயவன்தான் பிறகு சொன்னார்.

"பெரியவரே, இன்னா கேக்குறீங்கன்னு கிட்ட போயி கேட்டேன். ஜெட்டிக்குப் போவுமான்னு கேட்டாரு."

மூன்று நாற்பது. ஃபோன் அடித்தது.

தனசேகரன் பேசினார். "சார், அம்மா ஜெட்டியில வந்து நிக்கிறாங்க. அங்க போட் தெரியுது…"

இன்ஜின் சத்தம். டப… டப… டப…

மரப்பலகையில் தண்ணீர் மோதியது.

பிறகு ஃபோன் கை மாறியது.

மூச்சு இல்லை. மூச்சு விடும் சத்தமே இல்லாத ஒரு குரல்.

"ஜெனி அப்பா…"

அவருக்கு வெயில் தெரிந்தது.

காலுக்குக் கீழே தரை ஆடியது.

"பாத்து எறங்குங்க."

அவ்வளவுதான்.

கண் திறந்தபோது வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. ஆஸ்பத்திரி. பக்கத்தில் ஜெனிபர் உட்கார்ந்திருந்தாள். மாயவன்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து சேர்த்திருந்தார். இதயம் நின்று, மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். அதிர்ஷ்டக்காரர் என்றார்கள். லூர்துராஜ் தலையாட்டினார். ஒன்றும் தோன்றவில்லை.

ஜெனிபர் அவரைச் சென்னைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நடந்ததை அவளிடம் சொன்னார்.

"விடுங்கப்பா. யாரோ ஏமாத்தி வெளையாடி இருக்காங்க" என்றாள். அம்மா ஃபோனை அணைத்துப் பீரோவில் வைத்தாள்.

மார்ச் மாதம் வந்தது. ஆனந்தமேரியின் படம் ஒன்றைப் பெரிதாகப் போட வேண்டும் என்று ஜெனிபர் அந்த ஃபோனை எடுத்து உயிர்ப்பித்தாள். மார்ச் 18, செவ்வாய், காலை பத்து இருபத்தைந்து. படத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

தனசேகரன்.

"சார், பத்து நாளா முயற்சி பண்றேன், கிடைக்கவே இல்ல. போலீஸ்ல இருந்து ரிஜிஸ்தர் பாக்க வர்றாங்க. உங்க வரியில ஒரு இடம் விட்டுப்போச்சு. படம் அனுப்பியிருக்கேன், ஒரு நிமிஷம் பாருங்க."

ஜெனிபர் படத்தைத் திறந்தாள். கோடு போட்ட பழைய பேரேடு. இரண்டு வரி.

ஆனந்தமேரி, கள்ளக்குறிச்சி. வந்தது 22, பகல் 12.40. போனது 24, காலை 6.10. பக்கத்தில் கையெழுத்து. அம்மாவின் கையெழுத்து ஜெனிபருக்குத் தெரியாதா.

லூர்துராஜ், கள்ளக்குறிச்சி. வந்தது 23, மாலை 4.12. கையெழுத்து.

லூர்துராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். 'லூ'வின் சுழியை மேலே தூக்கி ஒரு கோடு இழுப்பார். ஆலையில் முப்பத்திரண்டு வருடம் அப்படித்தான் போட்டார். அது அவர் போட்டதுதான்.

ஜெனிபர் எழுந்து உள்ளே போனாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு வந்தாள். அதில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

இதயத் துடிப்பு நின்ற நேரம், மாலை 4.12.

"சார்… இருக்கீங்களா?" ஃபோனில் தனசேகரன் கேட்டார். "அம்மா காலையில தனியாத்தான் கிளம்பினாங்க. அவரு தூங்குறாரு, எழுப்பாதீங்க, அவரு இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் நான் வந்து பாத்தா ரூம்ல யாரும் இல்ல. நீங்க கிளம்பின நேரம் எழுதவே இல்ல. எத்தன மணிக்குப் போனீங்க சார்? சொன்னீங்கன்னா எழுதிக்கறேன்."

ஜெனிபர் அப்பாவைப் பார்த்தாள்.

லூர்துராஜ் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"நான் கெளம்புன மாதிரி ஞாபகம் இல்லீங்க" என்றார்.