இழுத்த தண்ணீரே கொண்டுபோன கேன்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது இது. என் கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை கெலமங்கலம் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். நல்ல மழைக்காலம். அவர்கள் நிலத்தை ஒட்டிய ஏரி ததும்பி நின்றது.

நான் தூத்துக்குடிப் பெண். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். கப்பல் வரும் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, இன்ஜின் ஓடும் படகை நெருங்கக் கூடாது, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்காமல் இறங்கக் கூடாது. தத்தளிப்பவரிடம் வெறுங்கையோடு போகவே கூடாது. எங்கள் ஊரில் நீச்சலோடு சேர்த்தே இதெல்லாம் வந்துவிடும்.

கொழுந்தனார் ஏரியில் குதித்து, தண்ணீருக்குள் நிற்கும் மதகுத் தூணை நோக்கி நீந்தினார். தூணருகே வைக்கோல் துரும்புகள் சுழன்று உள்ளே போவதைப் பார்த்துவிட்டேன். மதகு திறந்திருந்தது.

"தம்பி, அங்க போகாதீங்க! தண்ணி இழுக்குது!"

"இதென்ன உங்க ஊரு ஹார்பரா அண்ணி?" என்று சிரித்தார்.

அடுத்த நொடி அலறினார். இடுப்புக்குக் கீழே தண்ணீர் இழுக்க, தூணைக் கட்டிக்கொண்டு தொங்கினார். மதகை மூட ஆளைக் கூப்பிடக் கணவர் ஓடினார். மாமனார் குதிக்கப் போக, கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மாமா, நீங்களும் போயிருவீங்க. கயிறு குடுங்க!"

பம்ப்செட் அறையில் மூடி போட்ட காலி டீசல் கேன் இருந்தது. கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டி, மறுமுனையை மாமனாரிடமும் அலறல் கேட்டு ஓடிவந்தவர்களிடமும் கொடுத்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குதித்தேன். இழுப்புக்கு எட்டாத தூரத்தில் சுற்றிப் போய், தூணுக்கு நேரே கேனை விட்டேன். அவரை இழுத்த தண்ணீரே கேனையும் அவரிடம் கொண்டுபோனது.

"கட்டிப் புடிச்சுக்குங்க! நீந்தாதீங்க!" என்று கத்தினேன். கரையில் இருந்தவர்கள் பக்கவாட்டில் இழுத்தார்கள். இருமிக்கொண்டே கரையேறினார். உயிரோடு!

அந்த வாரம் முழுக்க, வருகிறவர்களுக்கு ஏற்பத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் "எம் மருமவதான் காப்பாத்துனா" என்று மாமியார் கதை சொன்னார். ஒவ்வொரு மொழியிலும் நான் இன்னும் கொஞ்சம் தூரம் நீந்தியிருந்தேன்!

கடலில்லாத ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும், நான் கற்றதெல்லாம் வீண் என்று நினைத்திருந்தேன்; நனைந்த துணியோடு அந்த ஏரிக்கரையில் ஏறி நின்றபோதுதான், இது என் ஊரும்தான் என்று முதன்முதலாகத் தோன்றியது.